கோயமுத்தூரில் அவித்த கதிரியக்க இட்லி

பினாங்கிலிருந்து கிளம்புவதற்கு முதல் நாள் என் பெட்டியைத் திறந்து பார்த்த தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். நான்கு புடவைகளுக்கு நடுவே ரப்பர் கையுறைகளும், சோதனைக் குழாய்களும், துணியில் சுற்றிய குட்டி இட்லித் தட்டு ஒன்றும் இருந்தன. "இந்தியாவுக்குப் போறவங்க கோயிலுக்குப் போவாங்க, பட்டு எடுப்பாங்க. நீ இட்லி அவிக்கப் போறியே அக்கா!" என்றாள். கடல் தாண்டிக் கோயமுத்தூருக்கு இட்லித் தட்டு கொண்டுபோன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

என் வேலை அப்படி. ஆஸ்பத்திரியில் கதிரியக்க மருந்து தயாரிப்பவள் நான். மருந்து என்று பெயர்தானே தவிர, நான் தயாரிப்பது எந்த நோயையும் தீர்க்காது. உடம்புக்குள் போய், தான் இருக்கும் இடத்தை வெளியே நிற்கும் கேமராவுக்குக் காட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான். எலும்புக்கு ஒன்று, சிறுநீரகத்துக்கு ஒன்று என்று அந்தந்த உறுப்பைத் தேடிப் போகும்படி அதைச் சமைக்க வேண்டும். இரைப்பையைப் பார்ப்பதற்கு மட்டும் நிஜமாகவே சமைப்போம். சாப்பாட்டில் மருந்தைக் கலந்து கொடுத்துவிட்டால், அது எவ்வளவு நேரத்தில் இரைப்பையை விட்டு இறங்குகிறது என்று கேமரா பார்த்துச் சொல்லிவிடும். இதற்கு எங்கும் முட்டைதான் வழக்கம். முட்டையோடு வேகவைத்தால் மருந்து கெட்டியாக ஒட்டிக்கொள்ளும், வயிற்றுப் புளிப்பில் கழன்று வராது.

கோயமுத்தூரில் அந்த முட்டைதான் தகராறு. ஒரு பயிற்சியில் என்னோடு படித்த டாக்டர் ரங்கநாயகி அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். "இங்க பாதிப் பேர் முட்டையே தொடமாட்டாங்க. மீதிப் பேர் செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கிருத்திகை பார்ப்பாங்க. எனக்கு இட்லியில ஒட்டற மருந்து வேணும். நீ வந்தாத்தான் ஆகும்" என்று போனில் சொன்னாள். இருந்த லீவையெல்லாம் திரட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம் அது.

விமானத்தை விட்டு இறங்கியதும் காற்று என் முந்தானையைப் பிடித்து இழுத்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று என்று ஆஸ்பத்திரி டிரைவர் காசிம் பாய் சொன்னார். கோட்டைமேட்டுக்காரர், நரைத்த தாடி, சிரித்த முகம். என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏனுங்க மேடம், சாப்டாச்சுங்களா?" பினாங்கில் நாங்கள் 'பசியாறியாச்சா' என்று கேட்போம். ஆச்சு என்றால் விட்டுவிடுவோம். இங்கே 'ஆச்சு' என்ற பிறகுதான் விசாரணை ஆரம்பிக்கிறது. என்னங்க சாப்டீங்க, எத்தனை மணிக்குங்க, அது எப்படீங்க பத்தும்? விமானத்தில் கொடுத்த ரொட்டியைப் பற்றி நான் சொல்லி முடிப்பதற்குள் கார் ஒரு மெஸ் வாசலில் நின்றுவிட்டது.

அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாக வேகவைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் தாளித்த அரிசிம்பருப்புச் சோற்றை அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சாப்பிட்டேன். நான் இரண்டாம் முறை வாங்கியதைப் பார்த்த பக்கத்து இலைக்காரர், என்னை முன்பின் தெரியாதவர், பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "அம்மணிக்கு இன்னுங் கொஞ்சம் நெய் ஊத்துங்க" என்று உத்தரவு போட்டார். மறுத்துப் பேசிப் பயனில்லை என்று அந்த இலையிலேயே கற்றுக்கொண்டேன். சிறுவாணித் தண்ணீரைப் பற்றி இந்த ஊர்க்காரர்கள் அளக்கும் பெருமையையும் அதற்குமுன் நம்பியதில்லை. ஒரு செம்பு குடித்த பிறகு நம்பினேன்.

மறுநாள் காலை ரங்கநாயகி என்னை நேராக வார்டுக்கு அழைத்துப் போனாள். "உன்னை எதுக்கு அவசரப்படுத்தினேன்னு வந்து பார்" என்றாள்.

கட்டிலில் இருந்த அம்மாளின் பெயர் மயிலாத்தாள். கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்பு. சர்க்கரை வியாதிக்காரர், இதயமும் பலவீனம். மாதக்கணக்கில் எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. இளநீர் மட்டும்தான் வயிற்றில் தங்குகிறது. கழுத்து நரம்பெல்லாம் வெளியே தெரிந்தது. குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பையின் வாசலில் பழைய புண்ணின் தழும்பு இருக்கிறதாம். அந்தத் தழும்பு சாப்பாட்டை மறிக்கிறதா இல்லையா என்று உறுதியாகத் தெரியவில்லை. சர்ஜன் டாக்டர் சென்னியப்பன் சனிக்கிழமை காலை ஆபரேஷன் என்று முடிவு செய்திருந்தார்.

"எனக்கு மட்டும் வெட்டணும்னு ஆசையாங்க?" என்றார் அவர் என்னிடம். "இந்த உடம்பு மயக்க மருந்தைத் தாங்குமான்னே எனக்குச் சந்தேகம். சாப்பாடு ஒழுங்கா இறங்குதுன்னு காட்டுங்க, கத்தியைக் கீழ வெச்சுடறேன். காட்ட முடியலைன்னா இப்படியே பட்டினி போட்டுச் சாகவிட முடியாதுங்க."

முட்டை வைத்துப் பார்த்துவிடலாம்தான். ஆனால் உடம்பு தேறும்வரை கவிச்சி தொடுவதில்லை என்று மயிலாத்தாள் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தார். "உசுரு போனாலும் முட்டை வேண்டாமுங்க, கோவிச்சுக்காதீங்க" என்று அவர் சொன்ன மரியாதையில் எனக்கு வந்த கோபம் பாதியில் நின்றுவிட்டது. பக்கத்தில் அவருடைய கணவர் நாச்சிமுத்து, தோளில் துண்டும் கையில் அரிவாளுமாக நின்றார். வார்டுக்குள் அரிவாளா என்று நான் பதறினேன். "எளநி வெட்டறதுக்குங்க" என்று சிரித்தபடி எனக்கும் ஒன்று சீவிக் கொடுத்தார். ஆளும் அந்த அரிவாள் பிடிபோல ஒல்லி. வாய் மட்டும் ஓயாது. தோப்பைப் பற்றி, மழையைப் பற்றி, மலேசியாவில் தேங்காய் என்ன விலை என்பதைப் பற்றி.

அன்றும் அடுத்த நாளும் ஸ்கேன் பிரிவின் பின்னறையில் சமையல்தான். பம்பாயிலிருந்து வாரம் ஒருமுறை ஈயக் கவசம் போட்ட ஒரு பெட்டி வரும். அதிலிருந்து தினமும் காலையில் டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளை வடித்துக்கொள்ள வேண்டும். போன வாரப் பெட்டியில் மிச்சமிருந்ததை வைத்து ஆரம்பித்தோம். ரவை உப்புமாவை வயிற்றுப் புளிப்புக்குச் சமமான அமிலத்தில் போட்டுக் குலுக்கினால் மருந்து பாதி கழன்று வந்தது. அரிசிம்பருப்பு இன்னும் மோசம். வெந்த இட்லியின்மேல் மருந்தை ஊற்றினால் குடிக்கிறபோது குடித்துவிட்டு அமிலத்தைக் கண்டதும் அப்படியே கக்கியது. கடைசியில் புளித்த மாவிலேயே மருந்தைக் கலந்து, என் குட்டித் தட்டில் ஊற்றி அவித்தோம். குலுக்கினோம், காத்திருந்தோம், மறுபடி குலுக்கினோம். மருந்து இட்லியை விட்டு அசையவில்லை. ரங்கநாயகி கையுறையைக் கழற்ற மறந்து என்னைக் கட்டிக்கொள்ள வந்தாள். நான் தப்பித்து மேசைக்கு அந்தப் பக்கம் ஓடினேன்.

ஒரே ஒரு குறை இருந்தது. முட்டை எவ்வளவு நேரத்தில் இறங்க வேண்டும் என்று புத்தகத்தில் கணக்கு இருக்கிறது. இட்லிக்கு யாரும் கணக்கு எழுதவில்லை. அதனால் புதன்கிழமை புதுப் பெட்டி வந்ததும், ஆரோக்கியமான சிலருக்கு முதலில் கொடுத்துப் பார்ப்பதாகத் திட்டம். காசிம் பாய் முதல் ஆளாகச் சம்மதித்திருந்தார். "சட்னி உண்டுங்களா?" என்பது மட்டும்தான் அவருடைய கவலை.

புதன்கிழமை பெட்டி வரவில்லை.

காற்றும் மழையுமாக இருந்ததால் விமானம் பெங்களூரில் இறங்கிவிட்டது. அங்கிருந்து ஒரு வேனில் அனுப்பியிருக்கிறார்கள். வேன் திம்பம் மலையை நல்லபடியாக இறங்கி, அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்டது. காட்டுப் பாதையில் போலீஸ் எதையும் பிரித்துப் பார்க்காமல் விடாத காலம் அது. எங்கள் பெட்டியையோ பிரிக்கக் கூடாது. வியாழக்கிழமை நண்பகலில்தான் எங்களுக்குச் செய்தி வந்தது. பெட்டிக்குள் இருக்கும் சரக்கு அதற்குள் தேய்ந்துகொண்டிருந்தது. ஒரு நாளைக்குக் கால்பங்கு போல அது தானாகவே போய்விடும். நானும் காசிம் பாயும் அம்பாசிடரில் சத்தியமங்கலம் பார்த்துப் பறந்தோம்.

பறந்தோம் என்பது என் ஆசை. புளியம்பட்டியில் சந்தை. மாடுகள், மாட்டுக்காரர்கள், மாட்டுக்காரர்களிடம் வழி கேட்கும் காசிம் பாய். பினாங்கில் ஹார்ன் அடித்தால் முறைப்பார்கள். இங்கே ஹார்ன் அடித்தால் ஒருவர் திரும்பி வந்து, "சொல்லுங்" என்று ஜன்னலில் குனிகிறார். சந்தையைத் தாண்டியதும் டயர் பஞ்சர். சக்கரம் மாற்றும்வரை டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்துத் தேங்காய் பன் கொடுத்தார்கள். நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்துக் கடைக்காரர், "அவசரப்பட்டா பன்னு எறங்காதுங்க" என்றார். இட்லியே இறங்குமா என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

சோதனைச் சாவடியில் எங்கள் பெட்டியை நடு மைதானத்தில் தனியாக வைத்து, சுற்றிலும் கல் அடுக்கியிருந்தார்கள். ஒரு ஏட்டு வெகுதூரத்தில் புளியமரத்தடியில் நின்று காவல் காத்தார். "வெடிக்குங்களா அம்மணி?" என்றார். வெடிக்காது, மருந்து என்றேன். "அப்பறம் எதுக்குங்க இந்தக் கனம்?" ஈயம் என்று விளக்கிவிட்டுப் பெட்டியின்மேல் கையை வைத்துக் காட்டினேன். அவரும் வந்து தொட்டுப் பார்த்தார். உடனே தைரியம் வந்து, தன்னுடைய முதுகுவலிக்கு இதில் ஏதாவது வழி உண்டா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். எலும்பு ஸ்கேனுக்கு வாருங்கள் என்று ரங்கநாயகியின் பெயரைச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். பெட்டியைப் பின்சீட்டில் வைத்ததிலிருந்து காசிம் பாய் மேடு பள்ளத்தில் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போவதுபோல் ஓட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை கணக்குப் போட்டுப் பார்த்தோம். காத்திருந்த மற்ற ஸ்கேன்களுக்குப் போக, பெட்டியில் மிச்சம் இருந்தது ஒரு ஆளுக்குக் கொடுக்கத்தான் போதும். ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் திட்டம் போயே போய்விட்டது. மறுநாள் காலை ஆபரேஷன். முட்டைக் கணக்கை வைத்தே பார்க்கலாம், வேறு வழியில்லை என்றாள் ரங்கநாயகி. நான் நான்கு குட்டி இட்லி அவித்தேன். கேண்டீனிலிருந்து பொடியும் நல்லெண்ணெயும் வந்தன. கொஞ்சம் போதும் என்று சொல்லி அனுப்பியும் எண்ணெய் கிண்ணம் நிறைய வந்திருந்தது.

மயிலாத்தாள் முதல் நாள் ராத்திரியிலிருந்து பட்டினி. சர்க்கரை மாத்திரைகூடப் போடாமல் வந்திருந்தார். "பூராத்தையும் சாப்பிடுங்கம்மா, மெதுவாச் சாப்பிட்டாப் போதும்" என்று தட்டைக் கொடுத்துவிட்டு, கேமராவைத் தயார் செய்ய அடுத்த அறைக்குப் போனோம். கதவில் 'வெளியாட்கள் நுழையக் கூடாது' என்று எழுதி ஒட்டியிருந்தது. பினாங்கில் அது போதும்.

திரும்பி வந்தபோது தட்டு காலி. மயிலாத்தாள் பக்கத்தில் நாச்சிமுத்து உட்கார்ந்து துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இவரு எப்படி உள்ள வந்தாரு?" என்றேன்.

"நாந்தானுங்க கூப்புட்டேன். பேப்பர்க் கப்பு ஒண்ணு இருந்துச்சுங்க, அதுல ரெண்டு எடுத்துக் குடுத்தேன்" என்றார் மயிலாத்தாள். "பாத்துட்டே நிக்கற மனுசன வெச்சுட்டு எப்படீங்க தின்னறது? எண்ணையக்கூட சரிபாதியா ஊத்திக் குடுத்தனுங்க. இன்னைக்கு வாந்தியும் வரலீங்க."

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. கடல் தாண்டி வந்து, அமிலத்தில் குலுக்கி, மாட்டுச் சந்தையைக் கடந்து, போலீஸிடமிருந்து மீட்டுக் கொண்டுவந்த மருந்தில் பாதி, தென்னந்தோப்புக்காரரின் வயிற்றில். பாதிச் சாப்பாட்டுக்கு முட்டைக் கணக்கும் உதவாது. "நீங்க எதுக்குங்க தின்னீங்க?" என்று கத்தினேன். கோபத்திலும் 'ங்க' வந்துவிட்டது. ஒரு வாரத்தில் ஊர் என்னையும் பிடித்துக்கொண்டிருந்தது.

நாச்சிமுத்துவின் வாய் முதன்முறையாக அடைத்துப் போனது. "தப்புங்களா?" என்றார் மெதுவாக.

ரங்கநாயகி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கையை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் அது தோன்றியிருக்க வேண்டும். அதே மாவு, அதே எண்ணெய், அதே அளவு, அதே நேரம். ஒரு நோயாளியும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல வயிறும்.

நாச்சிமுத்துவிடம் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னோம். உள்ளே போனது கதிரியக்கம்தான், ஆனால் ஓர் எக்ஸ்ரே எடுத்த மாதிரிதான், நாளைக்குள் அடங்கிவிடும், சம்மதம் இருந்தால் அவரையும் படம் எடுக்கிறோம் என்றோம். "அவளுக்கு ஒதவுமுங்களா?" என்றார். உதவலாம் என்றேன். "எத்தனை வேணா எடுத்துக்கங்க" என்று சட்டையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

அன்று பகல் முழுவதும் புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறிக் கேமராவுக்கு முன்னால் வந்து நின்றார்கள். முட்டை பாதி இறங்கியிருக்க வேண்டிய நேரத்தில் மயிலாத்தாளின் இட்லி கால்பங்குதான் இறங்கியிருந்தது. ரங்கநாயகியின் முகம் வாடிவிட்டது. அடைப்புதான் போலிருக்கிறது என்று நானும் நினைத்தேன். அடுத்து நாச்சிமுத்து வந்து நின்றார். அவருக்கும் கால்பங்குதான்! எண்ணெய் மிதந்த இட்லி, யாருடைய வயிற்றிலும் அவசரப்படவில்லை. புத்தகத்தை நம்பினால் அவருடைய வயிற்றையும் சேர்த்துத்தான் அறுக்க வேண்டும். பிற்பகலில் இரண்டு பேருடைய கணக்கையும் ஒரே தாளில் கோடாக வரைந்தோம். மயிலாத்தாளின் கோடு சற்றுப் பின்தங்கி, ஆனால் விடாமல், கணவரின் கோட்டைத் தொடர்ந்து இறங்கியது.

டாக்டர் சென்னியப்பன் வந்து தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். தம்பதிகள் இருவரும் சுவரோரம் நின்றார்கள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை நான் எப்படி நம்பறது?" என்றார். "பட்டினி கிடந்த வயித்தையும் காலையில டிபன் சாப்பிட்ட வயித்தையும் ஒப்பிட முடியாதுங்களே. ஏற்கெனவே நிறைஞ்ச வயிறு மெதுவாத்தான் இறக்கும். அதனால அவரு கோடு மெதுவா இறங்கி, இந்தம்மா கோடு நல்லா இருக்கற மாதிரி தெரியலாம்." அவர் சொன்னது சரி. கோடுகளைப் பார்த்த சந்தோஷத்தில் இதைக் கேட்கவே எங்களுக்குத் தோன்றவில்லை.

"ஏனுங்க, காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று நாச்சிமுத்துவிடம் கேட்டார்.

நாச்சிமுத்து துண்டை முறுக்கினார். "ஒண்ணுமில்லீங்க."

"ராத்திரி?"

"இல்லீங்க."

"உங்களை யாரும் பட்டினி இருக்கச் சொல்லலையே?"

அவர் மனைவியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "அவ எப்பத் திங்கலையோ அப்ப நானும் திங்கறதில்லீங்க. ரொம்ப நாளாவே அப்படித்தானுங்க. எறங்க மாட்டேங்குதுங்க."

அவர் ஏன் அரிவாள் பிடிபோல இருக்கிறார் என்று ஒரு வாரமாக இவ்வளவு படித்த நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை. டாக்டர் சென்னியப்பன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நாளைக்கு ஆபரேஷன் இல்லீங்க" என்றார் மயிலாத்தாளிடம். "வழி அடைபடலை. மாத்திரை போடாத இன்னைக்கு உங்களுக்கு வாந்தியும் வரலைன்னு சொன்னாங்க. வாந்தி அந்த மாத்திரையாலகூட இருக்கலாம், அதை மாத்திப் பார்க்கறதுலருந்து ஆரம்பிப்போம்."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. ஆனால் மயிலாத்தாள் டாக்டர் சொன்னதைக் கேட்டதாகவே தெரியவில்லை. கணவருக்கு முன்னால் போய் நின்றார்.

"தோட்டத்துல தின்னுபோட்டு வந்தேன், தின்னுபோட்டு வந்தேன்னு தெனமும் சொன்னீங்களே மாமா, அதெல்லாம் பொய்யிங்களா?"

"பசிக்கல கண்ணு" என்றார் நாச்சிமுத்து.

அவருக்குப் பின்னால் திரையில் கடைசியாக எடுத்த படம் அணையாமல் இருந்தது. துடைத்து வைத்த பாத்திரம்போல் காலியாகிவிட்ட அவருடைய வயிற்றை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.